பொழுது சாய்ந்த பிறகு ஒரு ‘சாப்டியா?’

பௌர்ணமியன்று கீழ்பென்னாத்தூர் பஸ் ஊருக்குள் வராது. கிரிவலக் கூட்டத்துக்காக எல்லா வண்டிகளையும் வெளியிலேயே மடக்கி, தற்காலிக நிலையத்தில் இறக்கிவிட்டுவிடுவார்கள். அங்கிருந்து ஆட்டோ கிடைத்தால் அதிர்ஷ்டம்.

சுனந்தாவுக்கு அதிர்ஷ்டத்தை நம்பிப் பழக்கமில்லை. நடந்தாள்.

மணி ஐந்து பத்து. எதிரில் வந்த கூட்டமெல்லாம் மலையைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டே வந்தது. அவள் சூரியனைப் பார்த்தாள். இன்னும் ஒரு பனைமர உயரம் இருந்தது.

அவர்களுடையது சமண வீடு. பொழுது இறங்கினால் அடுப்பும் அணைந்துவிடும். அப்புறம் மறுநாள் வெளிச்சம் வரும்வரை யாருக்கும் சோறு கிடையாது. பிறந்த வீட்டிலும் அப்படித்தான், வந்த வீட்டிலும் அப்படித்தான். அவளுக்குப் பசியே மாலை ஐந்தரைக்குத்தான் எடுக்கும். ஏழு மணிக்கு மேல் எடுக்காது.

காலையில் ஏழேகாலுக்குக் கிளம்பிய உடம்பு. பள்ளிக்கூட ஆபீசில் நாள் முழுக்க மாற்றுச் சான்றிதழ் எழுதிய கை. ஒரு செருப்பின் வார் வேறு அறுந்துவிடுவேன் என்றிருந்தது. இருந்தாலும் நடக்கிற இந்த நேரத்தில்தான் யாரும் அவளை எதுவும் கேட்பதில்லை. யோசிக்க முடிந்தது.

வெள்ளிக்கிழமை வந்தவாசியிலிருந்து பெண் பார்க்க வருகிறார்கள். நாலு வருஷத்தில் ஆறு வரனைக் காரணம் சொல்லாமல் தட்டிக் கழித்த நாத்தனார் மதுமிதா, போன வாரம் குக்கர் விசில் அடங்குவதற்குள், “சரி அண்ணி, வரச் சொல்லுங்க” என்று சொல்லிவிட்டுப் போனாள். ஏன் திடீரென்று சரி என்றாள் என்று கேட்கச் சுனந்தாவுக்குத் தைரியம் வரவில்லை. கேட்கப் போய் மாற்றிச் சொல்லிவிட்டால்?

ஊரில் எத்தனையோ வீட்டுக் கல்யாணத்துக்கு வழி சொன்னவள். சொந்த வீட்டுக் கல்யாணம் என்றால் மட்டும் வாய் அடைத்துக்கொள்கிறது.

இப்படி வரன் சொல்வது முதலில் மாமனார் ஜம்புகுமார் செய்த வேலை. தரகு கிடையாது, சமூகத்துக்குச் செய்கிற காரியம். முப்பது வருஷமாக நீள நோட்டில் அவர் எழுதி வைத்ததையெல்லாம் சுனந்தா வீட்டுக் கம்ப்யூட்டரில் ஏற்றினாள். ‘வரன்’ என்று பெயர் வைத்தாள். நூற்று நாற்பத்தாறு வீடுகள். பெயர், படிப்பு, நட்சத்திரம், போட்டோ. எல்லாவற்றுக்கும் கடைசியில் ஒரு கட்டம். தலைப்பு ‘குறிப்பு.’

அந்தக் கட்டத்தில்தான் எல்லாம் இருந்தது. ‘சின்ன வயதில் வலிப்பு. ஒன்பது வருஷமாக இல்லை.’ ‘பையன் குடியை விட்டு ஒரு வருஷம். அம்மாவே சொன்னார்.’ ‘முதல் நிச்சயம் நின்றதற்குப் பெண் காரணமல்ல.’ பெற்றவர்கள் குரலைத் தாழ்த்தி, சில பேர் அழுதுகொண்டே சொன்னவை. இரண்டு வீடு சேரப் போகும் நேரத்தில், எதிர் வீட்டார் “குறிப்பு ஏதாவது இருக்கா?” என்று கேட்பார்கள். சம்பந்தப்பட்டவர்களிடம் “சொல்லலாமா?” என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் சுனந்தா வாயைத் திறப்பாள். சொல்லாதே என்றால் சொல்லமாட்டாள். இருப்பதை இல்லை என்றும் சொல்லமாட்டாள். அந்த நேர்மைக்காகத்தான் இத்தனை வீடும் அவளை நம்பியது.

அந்தக் கோப்புக்கு எட்டு எழுத்தில் ஒரு பூட்டு. போட்டவள் அவள்.

கம்ப்யூட்டருக்கு மட்டும் பூட்டென்று சொல்லும்படியாக ஒன்றும் இல்லை. அது கணவன் மகாவீரின் கைங்கரியம். ஓசூர்த் தொழிற்சாலையில் வேலை. மாதத்துக்கு இரண்டு முறைதான் வருவான். ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் வந்தபோது, தூரத்திலிருந்தே வீட்டுக் கம்ப்யூட்டருக்குள் போகிற மாதிரி ஒன்றைப் போட்டுக்கொடுத்தான். ஒன்பது இலக்க எண், ஒரு பாஸ்வேர்டு, அவ்வளவுதான். பாஸ்வேர்டு அவர்களுடைய கல்யாணத் தேதி. “இதனாலயாவது தேதி உங்களுக்கு ஞாபகம் இருக்கட்டும்” என்று அன்றைக்குச் சிரித்தாள்.

சும்மா சொல்லக்கூடாது, பெரிய சௌகரியம். முன்பெல்லாம் யாராவது அவசரமாகப் பெண்ணின் விவரம் கேட்டால், அரை நாள் லீவு போட்டு ஓடிவரவேண்டும். இப்போது பள்ளிக்கூட ஆபீசில் உட்கார்ந்தபடியே வீட்டுக்குள் போய், எடுத்து அனுப்பிவிட்டு, இரண்டு நிமிஷத்தில் திரும்பிவிடலாம். இன்றைக்கும் பன்னிரண்டு மணிக்குப் போய் வந்தாள்.

அதைவிடப் பெரிய சௌகரியம் ஒன்று இருந்தது. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

போட்டுக்கொடுத்த மறுவாரம், அவள் வேலை செய்துகொண்டிருந்தபோது திரையில் அம்பு தானாக நகர்ந்தது. நோட்பேடு திறந்தது. ‘நந்தா, நான்தான். பயப்படாதே’ என்று எழுத்து ஒவ்வொன்றாக வந்து விழுந்தது. ஆங்கில எழுத்தில் தமிழ். ஓசூரில் இருக்கிறவனின் கை அவள் கண் முன்னால் எழுதியது. போனில் பேசும்போது ‘அப்புறம்?’ ‘அப்புறம் என்ன?’ என்று தடுமாறுகிற மனுஷன், நோட்பேடில் மட்டும் பக்கம் பக்கமாகப் பேசினான். அவள் ஒவ்வொன்றையும் தேதி போட்டுச் சேமித்தாள். யாரும் திறந்துவிடக்கூடாதே என்று, போட்டு வைத்த ஃபோல்டருக்குக் ‘கரண்ட் பில்’ என்று பெயர் வைத்தாள். அதில் இப்போது அறுபத்து மூன்று இருந்தன.

*

“பத்து நிமிஷம்தான் இருக்குதும்மா.”

வாட்சைப் பார்த்தபடி வாசலிலேயே நின்றிருந்தார் ஜம்புகுமார். அவளுக்காகத்தான் அவரும் சாப்பிடாமல் இருந்தார்.

“அண்ணி, கால் கழுவிட்டு நேரா தட்டுக்கு வாங்க” என்று உள்ளேயிருந்து மதுமிதாவின் குரல்.

“கால்னு ஒண்ணு மிச்சம் இருந்தாத்தானே கழுவ” என்றாள் சுனந்தா.

சோறும் பீன்ஸ் பொரியலும் ரசமும் மதுமிதாவே செய்து வைத்திருந்தாள். செங்கம் ரோட்டில் ஒரு கிளினிக்கில் பிசியோதெரபிஸ்ட். பௌர்ணமி என்பதால் சீக்கிரமே விட்டிருந்தார்கள். மூன்று பேரும் பேச்சில்லாமல் வேகமாகச் சாப்பிட்டார்கள். ஜன்னலில் வெளிச்சம் மஞ்சளாகிக்கொண்டிருந்தது.

“மத்தியானம் உன் கம்ப்யூட்டர் தானா வேலை செஞ்சிட்டிருந்துதும்மா” என்றார் மாமனார். “நீதான் ஆபீஸ்ல இருந்து தட்றேன்னு நெனச்சேன். சூடு ஜாஸ்தியாயிடப் போவுதேன்னு ஃபேனைப் போட்டு வெச்சேன்.”

“எத்தனை மணிக்கு மாமா?”

“மூணு இருக்கும்.”

மூன்று மணிக்கு அவள் சான்றிதழ் எழுதிக்கொண்டிருந்தாள்.

“அப்ப அவராத்தான் இருக்கும்.”

“அவனுக்கு இந்த வாரம் பகல் ஷிஃப்டாச்சே?”

“இன்னிக்கு என்னவோ மாமா” என்றாள் சுனந்தா. அதற்கு மேல் யோசிக்க உடம்பில் தெம்பு இல்லை.

மதுமிதா மோர் ஊற்றிக்கொண்டிருந்தாள். தட்டு நிரம்பி வழிகிறவரைக்கும் ஊற்றிக்கொண்டே இருந்தாள்.

“ஏய் மது! சோறு நீச்சல் அடிக்குது பாரு.”

“ஐயோ, கவனிக்கல அண்ணி” என்று எழுந்து துணி எடுக்கப் போனாள். வெள்ளிக்கிழமையை நினைத்துப் படபடப்பாக இருக்கும் என்று எண்ணிக்கொண்டாள் சுனந்தா.

*

விளக்கு வைத்து, துணி மடித்து, கம்ப்யூட்டர் முன்னால் வந்து உட்கார்ந்தபோது மணி ஏழே கால். வந்தவாசிக்காரர்களுக்குக் கொடுக்க மதுமிதாவின் விவரத்தை அச்செடுக்க வேண்டும். அது ஒன்றுதான் பாக்கி. முடித்துவிட்டுக் காலை நீட்டிப் படுத்துவிடலாம்.

திரையின் வலது மூலையில் அந்தச் சின்னப் பெட்டி இருந்தது. யாராவது தூரத்திலிருந்து உள்ளே வந்தால் அது எட்டிப் பார்க்கும். வந்திருப்பது யார் என்று அதில் பெயர்கூட இருக்கும். அவள் ஒருநாளும் படித்ததில்லை. வருகிறவர் ஒருத்தர்தானே.

அம்பு நகர்ந்தது. நோட்பேடு திறந்தது.

‘நந்தா.’

அவ்வளவு அலுப்பிலும் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. ‘சொல்லுங்க’ என்று தட்டினாள்.

‘ரொம்ப டயர்டா?’

‘நடந்தே வந்தேன். பௌர்ணமி.’

கொஞ்ச நேரம் ஒன்றும் வரவில்லை. யாருக்கோ பதில் சொல்லிவிட்டு வருகிற மாதிரி ஓர் இடைவெளி. வேறு ஏதோ வேலைக்கு நடுவில் எழுதுகிறார் போல என்று நினைத்துக்கொண்டாள்.

‘வரன் ஃபைல் பாஸ்வேர்டு என்னது? மறந்துட்டேன்.’

இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. ஒரே ஒரு தடவை சொல்லியிருக்கிறாள். மகாவீர் மறக்காத விஷயம் என்று ஏதாவது இருந்தால்தான் ஆச்சரியம்.

‘எதுக்கு?’

‘வெள்ளிக்கிழமைக்கு மது டீடெய்ல்ஸ் நானே சரி பண்ணி வெச்சிடறேன். நீ போய் படு.’

போய்ப் படு. அந்த ஒரு வார்த்தைதான் அவளை விழ வைத்தது. காலையிலிருந்து யாரும் அவளிடம் அதைச் சொல்லவில்லை. இடுப்பு கெஞ்சியது. கண் சொருகியது. விரல் தானாகவே தட்ட ஆரம்பித்தது. எட்டு எழுத்தில் ஒன்று. இரண்டு. மூன்று. நான்காவதைத் தேடிக்கொண்டிருந்தாள், விசைப்பலகையில் அந்த எழுத்து எப்போதும் சிக்கும்.

அவள் தேடிய அந்தச் சின்ன இடைவெளியை நிரப்புகிற மாதிரி, அடுத்த வரியில் ஒன்று வந்து விழுந்தது.

‘சாப்டியா?’

சுனந்தாவின் விரல் நின்றது.

திரையின் மூலையில் மணியைப் பார்த்தாள். ஏழு இருபத்திரண்டு.

அறுபத்து மூன்று கடிதத்திலும் அவன் சாப்பாட்டை விசாரித்திருக்கிறான். எப்போதும் ஐந்தரைக்கு முன்னால். ‘பொழுது போவுது, எழுந்து சாப்பிடு’ என்றுதான் எழுதுவான். விளக்கு வைத்த பிறகு இந்த வீட்டில் பிறந்த எந்தப் பிள்ளையும் அந்தக் கேள்வியைக் கேட்காது. கேட்க வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றவே தோன்றாது. இருட்டிய பிறகு வெயில் அடிக்கிறதா என்று கேட்பது மாதிரி அது.

தட்டிய மூன்று எழுத்தையும் ஒவ்வொன்றாக அழித்தாள். அழிப்பதையும் அவன் பார்த்துக்கொண்டுதான் இருப்பான் என்பது அழித்த பிறகுதான் உறைத்தது.

போனை எடுத்தாள்.

“சொல்லு நந்தா” என்றான் மகாவீர். பின்னால் பஸ்ஸின் இரைச்சல். “நான் இன்னும் கம்பெனி பஸ்லதான் வரேன்.”

“நோட்பேடுல என்கூட பேசறது நீங்களா?”

“என்ன நோட்பேடு? லேப்டாப் ரூம்ல இருக்குது.”

திரையில் அடுத்த வரி வந்தது. ‘என்ன ஆச்சு நந்தா?’

நந்தா. அந்தப் பெயர் அவனுக்கும் அவளுக்கும் மட்டும்தான் தெரியும். வேறு எங்கும் கிடையாது. கரண்ட் பில்லில்தான் இருக்கிறது. அறுபத்து மூன்றையும் எவனோ உட்கார்ந்து படித்திருக்கிறான்.

“நந்தா? லைன்ல இருக்கியா? யாரோ உள்ள வந்திருக்கான். நெட் ஒயரைப் புடுங்கு. மொதல்ல புடுங்கு!”

மேஜைக்கு அடியில் குனிந்து, மோடத்தின் ப்ளக்கைப் பிடித்து இழுத்தாள். பச்சை விளக்குகள் அணைந்தன. திரையில் அம்பு பாதி வழியில் அப்படியே நின்றது. வேறொருத்தன் கையிலிருந்து நழுவி விழுந்த பொருளைப் போல அது கிடந்தது.

*

மாமனாரும் மதுமிதாவும் அறைக்கு வந்துவிட்டார்கள். போன் ஸ்பீக்கரில் இருந்தது. ‘சாப்டியா?’ என்று வந்ததுவரை எல்லாவற்றையும் சுனந்தா சொல்லி முடித்திருந்தாள்.

“தப்பு என்னுது” என்றான் மகாவீர். “ஒவ்வொரு தடவையும் அனுமதி கேக்கற மாதிரி வெச்சிருக்கணும். உனக்குத் தொந்தரவா இருக்கும்னு ஒரே பாஸ்வேர்டைப் போட்டு விட்டுட்டேன். அதுவும் கல்யாணத் தேதி.”

“நானும்தான்” என்றாள் சுனந்தா. “போன மாசம் பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ஒரு ஜெராக்ஸ் கடையில தொறந்து ஒரு போட்டோ எடுத்தேன். ஆரணி பஸ் கிளம்பிடுச்சுன்னு ஓடிட்டேன். மூடினேனா இல்லியான்னே ஞாபகம் இல்ல.”

ஜம்புகுமார் தொண்டையைச் செருமினார். “அந்த ஒன்பது நம்பரை நான் காலண்டர்ல எழுதி வெச்சிருக்கேன். நீங்க போன்ல கேட்டா படிச்சுச் சொல்லணுமேன்னு. வர்றவங்க போறவங்க எல்லாரும் பாக்கற இடம்.”

“பாஸ்வேர்டை எழுதலியே?”

“அத எதுக்குடா எழுதணும்? அதான் உங்க கல்யாண போட்டோவுக்குக் கீழ பொன் எழுத்துல போட்டு செவுத்துல மாட்டியிருக்குதே.”

இத்தனைக்கு நடுவிலும் சுனந்தாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்த கையோடு கண்ணில் நீரும் வந்தது. நூற்று நாற்பத்தாறு வீட்டு ரகசியத்தை இப்படித்தான் காவல் காத்திருக்கிறார்கள்.

“குறிப்பு அவன் கைக்குப் போகலியே?” என்றார் மாமனார்.

“போகல மாமா. பூட்டு இருக்குது. ஆனா போட்டோ எல்லாம் தனியாவும் இருக்குது, அதுக்குப் பூட்டு இல்ல.” அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “நாளைக்குக் காலைலேர்ந்து ஒவ்வொரு வீட்டுக்கா போன் பண்ணிச் சொல்லப் போறேன். உங்க பொண்ணு போட்டோவை யாரோ பாத்திருக்கலாம், என்னோட கவனக்குறைவுதான்னு.”

“சுனந்தா, ஊரே அமளிப்படும். அப்புறம் ஒரு வீடு நம்மளை நம்பாது.”

“சொல்லாம இருந்து அப்புறம் தெரிஞ்சா மட்டும் நம்பிடுவாங்களாங்க?”

பஸ் எங்கோ ஹாரன் அடித்தது. பிறகு மகாவீர், யார் யார் எப்போது உள்ளே வந்தார்கள் என்ற பட்டியல் கம்ப்யூட்டரிலேயே இருக்கும், நெட் இல்லாமலும் பார்க்கலாம் என்றான். அவன் சொல்லச் சொல்ல அவள் தேடித் திறந்தாள். தேதி, நேரம், வந்த கம்ப்யூட்டரின் பெயர்.

‘மகாவீர் லேப்டாப்.’ ‘ஸ்கூல் ஆபீஸ்.’ அதற்கு நடுநடுவில் வேறொன்று. இன்று மூன்று மணிக்கு. இன்று ஏழு பத்துக்கு. போன வாரம் நான்கு தடவை.

“ரிசப்ஷன்-2” என்று சத்தமாகப் படித்தாள்.

“ரிசப்ஷனா?” என்றார் மாமனார். “யார் கல்யாணத்துல?”

யாரும் சிரிக்கவில்லை. சுனந்தா பட்டியலைக் கீழே கீழே இறக்கிக்கொண்டே போனாள். ரிசப்ஷன்-2 முதல் தடவை வந்தது மார்ச் பதினொன்று, காலை பத்து மணி.

மார்ச் பதினொன்று அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. மாமனாரின் கண் ஆபரேஷன் சீட்டை அச்செடுக்க வேண்டிய நாள். பிரிண்டர் மக்கர் செய்தது. ‘தெரிஞ்ச ஆள் ஒருத்தர் இருக்காரு அண்ணி, அங்க இருந்தே சரி பண்ணிடுவாரு’ என்று மதுமிதா யாருக்கோ போன் போட்டாள். காலண்டரைப் பார்த்து ஒன்பது இலக்கத்தையும், சுவரைப் பார்த்துக் கல்யாணத் தேதியையும் படித்தாள். பத்து நிமிஷத்தில் பிரிண்டர் ஓடியது. ‘அவருக்கு என் தேங்க்ஸ் சொல்லு’ என்றுகூடச் சொன்னாளே சுனந்தா.

திரும்பிப் பார்த்தாள். மதுமிதா அறையில் இல்லை.

“நான் அப்புறம் கூப்பிடறேங்க” என்று போனை வைத்தாள்.

*

மதுமிதா சமையலறையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். எல்லாம் ஏற்கெனவே தேய்த்துக் கவிழ்த்த பாத்திரங்கள்.

“பிரிண்டரை சரி பண்ணது யாரு மது?”

குழாய்த் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. சுனந்தா எட்டி அதை மூடினாள்.

“பிரதோஷ்” என்றாள் மதுமிதா.

கோயில் குருக்கள் வீட்டுப் பையன். கூடப் படித்தவன் என்று எப்போதோ ஒரே ஒரு தடவை அந்தப் பெயர் இந்த வீட்டில் பேச்சுவாக்கில் வந்திருக்கிறது. ரமணாசிரமத்துப் பக்கம் ஒரு விடுதியில் ரிசப்ஷனில் வேலை. காரணம் சொல்லாமல் தட்டிக் கழித்த ஆறு வரனுக்கும் இப்போது ஒரே ஒரு காரணம் கிடைத்தது.

“எல்லா வீட்டுக்கும் போன் பண்ணாதீங்க அண்ணி. திருடன் இல்ல அது.”

“திருடன் இல்லியா?” சுனந்தாவின் குரல் உயரவில்லை, உயர்த்த அவளிடம் சக்தி இல்லை. “தொறந்த கதவு வழியா உள்ள வந்து, என் புருஷன் எனக்கு எழுதினதையெல்லாம் படிச்சு, அவர் பேர்ல உக்காந்து என்கிட்ட பேசினானே, அவனுக்கு வேற என்ன பேரு மது?”

மதுமிதாவின் முகம் அப்படியே கலைந்துபோனது. “அண்ணன் மாதிரி பேசுவாருன்னு சத்தியமா எனக்குத் தெரியாது அண்ணி. சாயங்காலம் அப்பா சொன்னப்பதான் இன்னும் வராருன்னே தெரிஞ்சுது. அந்த நம்பரை மாத்தச் சொல்லியிருக்கணும். அவருக்கு ஏன் குடுத்தேன்னு கேப்பீங்களேன்னு பயந்து சும்மா இருந்துட்டேன்.”

“அவனுக்கு அதுல என்ன பாக்கணும்?”

“என் பேருக்கு நேரா குறிப்புல நீங்க என்ன எழுதியிருக்கீங்கன்னு.” மூக்கை உறிஞ்சினாள். “போன வாரம் முடிச்சுக்கலாம்னு சொல்லிட்டேன். வந்தவாசிக்குச் சரின்னுட்டேன்னும் சொல்லிட்டேன். நாலு வருஷம் இழுத்தும் அவங்க வீட்லயும் ஒத்துக்கல, நம்ம வீட்ல நான் வாயே தொறக்கல. தாங்க முடியல அண்ணி. எங்களைப் பத்தி உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும், எழுதியிருப்பீங்கன்னு அவரு நெனச்சிட்டாரு.”

“அவன்தான்னு உனக்கு எப்படித் தெரிஞ்சுது? ரிசப்ஷன்னு படிச்சதாலயா?”

“அதுக்கு முன்னாடியே. நீங்க அண்ணன்கிட்ட சொன்னீங்களே, சாப்டியான்னு வந்துதுன்னு.” கையிலிருந்த கரண்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். “தெனம் ஏழரைக்குக் கேப்பாரு. எங்க வீட்ல பொழுதோட சாப்டுடுவோம்னு நாலு வருஷமா சொல்றேன். ஒரு நாள்கூட ஞாபகம் வெச்சதில்ல.”

அதில் குறையும் இருந்தது, இன்னொன்றும் இருந்தது. அறுபத்து மூன்று கடிதத்தைக் கரண்ட் பில்லென்று ஒளித்து வைத்தவளுக்கு, அந்த இன்னொன்று எது என்று யாரும் சொல்லவேண்டியதில்லை.

“நேரா வாசலுக்கு வந்து கேட்டிருந்தான்னா திட்டியிருப்பேன்” என்றாள் சுனந்தா. “ஆனா உக்கார வெச்சுத் திட்டியிருப்பேன். போன் மட்டும் நாளைக்குப் பண்ணத்தான் போறேன் மது. மத்த வீட்டுப் பொண்ணுங்க போட்டோ உன் பிரதோஷுக்குச் சொந்தமில்ல.”

மதுமிதா தலையை ஆட்டினாள்.

சுனந்தா கம்ப்யூட்டருக்குத் திரும்பினாள். நெட் இல்லை; இப்போது அது வெறும் வீட்டுப் பெட்டி. எட்டு எழுத்தையும் தட்டினாள். ‘வரன்’ திறந்தது. நூற்றுப் பன்னிரண்டாவது வரி, மதுமிதா, இருபத்தொன்பது வயது, பிசியோதெரபி. கடைசிக் கட்டத்துக்குப் போனாள்.

காலியாக இருந்தது.

நாலு வருஷமாக அதைக் காலியாகத்தான் விட்டு வைத்திருந்தாள். நூற்று நாற்பத்தைந்து வீட்டாரிடம் உட்கார்ந்து கேட்டவள், கூட ஒரே தட்டில் அப்பளம் உடைத்துச் சாப்பிடுகிற பெண்ணிடம் ‘உனக்கு ஏதாவது இருக்கா?’ என்று கேட்டதே இல்லை. அந்தப் பையன் இவ்வளவு பாடுபட்டுத் திறந்திருந்தால் இதைத்தான் பார்த்திருப்பான்.

போன் அடித்தது. வந்தவாசி மாப்பிள்ளையின் அம்மா.

“சாப்பாடு எல்லாம் அப்பவே முடிஞ்சிருக்கும், அதக் கேக்க வேண்டியதில்ல” என்று சிரித்தார் அந்த அம்மாள். “வெள்ளிக்கிழமை பத்து மணிக்குள்ள வந்துடுவோம்மா. அதுக்கு முன்னாடி வழக்கமா கேக்கறதைக் கேட்டுடறேன். பொண்ணுக்குக் குறிப்பு ஏதாவது இருக்கா? நீ ஒரு வார்த்தை சொன்னா போதும். வேற யாரையும் விசாரிக்க மாட்டோம்.”

சுனந்தா தலையைத் திருப்பினாள். மதுமிதா நிலைப்படியில் வந்து நின்றிருந்தாள். கையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அசதியில் சுனந்தா இந்த போனையும் ஸ்பீக்கரில்தான் எடுத்திருந்தாள். அவளுக்கும் கேட்டுவிட்டது.

“ஒரு நிமிஷம்மா” என்று சொல்லிவிட்டு, சுனந்தா போனை உள்ளங்கையால் மூடிக்கொண்டாள். மற்ற எல்லா வீட்டிலும் கேட்கிற அதே குரலில், அதே மரியாதையோடு, நாலு வருஷம் தாமதமாகக் கேட்டாள்.

“சொல்லலாமா?”

மதுமிதா ஈரக் கையைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு, போனுக்காகக் கையை நீட்டினாள்.